கரும்பலகையில் பிறந்த பேரேடு

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், சார்ல்ஸ் ஆற்றின் கரையில் அமைந்திருக்கிறது ஹார்வர்டு வணிகப் பள்ளி. அங்கே ஆல்ட்ரிச் கூடம் என்னும் கட்டடத்தில், 108ஆம் எண் வகுப்பறையில், சிறு பலகை ஒன்று பதிக்கப்பட்டுள்ளது. போரையோ புரட்சியையோ அது நினைவுகூரவில்லை. 1978ஆம் ஆண்டில் டான் பிரிக்லின் என்ற மாணவர் இந்த அறையில் அமர்ந்திருந்தபோது, மின்னணு விரிதாள் என்ற எண்ணம் அவர் மனத்தில் உதித்தது என்பதையே தெரிவிக்கிறது. பாடம் நடக்கும்போது மாணவன் வேறெங்கோ நினைவாக இருப்பதை ஆசிரியர்களாகிய நாம் குற்றமாகவே கருதிவந்திருக்கிறோம். அத்தகையதொரு நினைவுக்கு வகுப்பறைச் சுவரிலேயே கல்வெட்டு அமைந்தது அபூர்வம்தான்.

இன்று உலகெங்கும் அலுவலகங்களில் எக்ஸெல் என்ற பெயரில் வழங்கும் கட்டங்கள் நிறைந்த அந்தத் தாள், எங்கிருந்து வந்தது, யார் செய்தது என்று நாம் கேட்பதில்லை. கடிகாரமும் நாட்காட்டியும் போல அது எப்போதும் இருந்துவந்ததாக எண்ணிக்கொள்கிறோம். உண்மையில் அதன் வயது அரை நூற்றாண்டைக்கூட எட்டவில்லை. இருவர் சேர்ந்து நடத்திய மிகச் சிறிய நிறுவனம் ஒன்று அதை உருவாக்கியது. ஆறு ஆண்டுகளில் அந்த நிறுவனம் மறைந்தும் போனது. ஸ்டார்ட் அப் என்ற சொல் இன்று நாளிதழ்களில் நாள்தோறும் அடிபடுகிறது. மனிதர் வேலை செய்யும் முறையையே மாற்றப்போவதாக ஒவ்வொரு புதிய நிறுவனமும் அறிவிக்கிறது. உண்மையாகவே அப்படி மாற்றிய ஒன்றின் கதையை அறிந்துகொள்வது, அந்த அறிவிப்புகளை எடைபோடவும் உதவக்கூடும்.

*

விரிதாள் என்பது கணினிக்கு முன்பே கணக்கர்களிடம் புழங்கிய பொருள். பேரேட்டின் எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டையும் விரித்து, அவற்றின் முழு அகலத்திலும் கோடு கிழித்துச் செலவு வகைகளை மேலே நெடுக்கைகளாகவும், மாதங்களையோ கிளைகளையோ பக்கவாட்டில் வரிசைகளாகவும் எழுதுவர். குறுக்கும் நெடுக்கும் கூட்டி, வலக்கோடியின் கீழ்மூலையில் இரு கூட்டல்களும் ஒத்துவந்தால் கணக்கு சரி. எரிக் கோலர் 1952இல் வெளியிட்ட கணக்கர் அகராதியிலேயே இச்சொல்லுக்கு விளக்கம் உண்டு. நம்மூர்க் கணக்குப்பிள்ளைகள் சிட்டையிலிருந்து பேரேட்டுக்கும், பேரேட்டிலிருந்து ஐந்தொகைக்கும் வந்த வழியை அறிந்தவர்களுக்கு இந்த உழைப்பின் தன்மை எளிதில் விளங்கும்.

நடந்து முடிந்த வரவு செலவை எழுதுவதில் பெரிய துன்பம் இல்லை. இனி நடக்கப்போவதைக் கணிக்கும்போதுதான் தாள் கணக்கரை வதைத்தது. மூலப்பொருளின் விலை அடுத்த ஆண்டு பத்து விழுக்காடு ஏறும் என்று வைத்துக்கொண்டு ஐந்தாண்டுத் திட்டம் ஒன்றை எழுதி முடித்திருப்பார். பத்தை ஏன் பன்னிரண்டாக்கிப் பார்க்கக் கூடாது என்று மேலாளர் கேட்பார். அந்த ஒரு கேள்வியால் நூறு கட்டங்கள் மாறும். அழிப்பானும் பென்சிலும் எடுத்துக்கொண்டு மீண்டும் முதலிலிருந்து உட்கார வேண்டும். எனவே, பெரும்பாலான நிறுவனங்களில் அந்தக் கேள்வி கேட்கப்படாமலே போயிற்று.

இந்த வேலையைக் கணினியிடம் ஒப்படைக்கலாம் என்று பிரிக்லினுக்கு முன்னரே சிலர் எண்ணியதுண்டு. பெர்க்லியில் பேராசிரியராக இருந்த ரிச்சர்ட் மாத்தெசிச் 1961இல் கணக்குத் தாளைக் கணினியில் அமைப்பது பற்றி எழுதினார். 1969இல் ரெனே பார்டோ, ரெமி லாண்டௌ என்னும் இருவர் லான்பார் என்ற நிரலை உருவாக்கினர். பெல் கனடா போன்ற பெருநிறுவனங்கள் தங்கள் வரவு செலவுத் திட்டத்துக்கு அதைப் பயன்படுத்தின. எனினும் அவை பெருங்கணினியில் இயங்கியவை. கணக்கர் தம் மேசையில் அமர்ந்தபடி ஓர் எண்ணை மாற்றி, அதன் விளைவு கண்முன்னே பரவுவதைக் காணும் அனுபவம் அங்கே இருக்கவில்லை.

*

டான் பிரிக்லின் 1951இல் பிலடெல்பியாவில் பிறந்தவர். தந்தை அச்சகம் நடத்தியவர். எம்.ஐ.டி.யில் கணினி பயின்று 1973இல் பட்டம் பெற்றார். பிறகு டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தில் சொல் திருத்தும் மென்பொருள் ஒன்றை உருவாக்கும் பணியில் இருந்தார். தட்டச்சு செய்த பக்கத்தின் நடுவே ஒரு சொல்லைச் செருகினால் மற்ற வரிகள் தாமாகவே நகர்ந்து இடம்விடும் அதிசயம் அன்றைக்குப் புதியது. சொல்லுக்குக் கிடைத்த இந்த வசதி எண்ணுக்கும் கிடைத்தால் என்ன என்ற கேள்விக்கான விதை அங்கேதான் விழுந்திருக்க வேண்டும். 1977இல் வணிகக் கல்வி பயில ஹார்வர்டு சென்றார்.

வகுப்பில் பேராசிரியர் கரும்பலகை நிறையக் கட்டங்கள் வரைந்து கணக்கிட்டுக் காட்டுவார். இடையில் ஓர் எண் தவறு என்று தெரிந்தால் அதைத் தொடர்ந்து வந்த எண்கள் அனைத்தையும் துடைத்துவிட்டு மறுபடி எழுதுவார். மின்னணுக் கணிப்பானைக் கையில் வைத்துக்கொண்டு அதையே தம் தாளில் செய்துகொண்டிருந்த பிரிக்லின் பகற்கனவு காணத் தொடங்கினார். கணிப்பானின் அடியில் ஓர் உருளைப் பந்து இருக்க வேண்டும். அதை மேசைமேல் நகர்த்தலாம். போர்விமானியின் கண்முன் தோன்றும் ஒளித்திரைபோல எண்கள் காற்றில் மிதக்க வேண்டும். வேண்டிய எண்ணைத் தொட்டு மாற்றினால் மற்றவை தாமே மாறிக்கொள்ள வேண்டும். கனவு நனவாகும் வழியில் பந்தும் ஒளித்திரையும் உதிர்ந்தன. கடைசி ஆசை மட்டும் எஞ்சியது.

1978 இலையுதிர் காலத்தில் டான் பில்ஸ்ட்ரா என்பவரிடமிருந்து ஆப்பிள் 2 கணினி ஒன்றை இரவல் வாங்கி, ஒரு வார இறுதியில் பேசிக் மொழியில் முதல் மாதிரியை எழுதினார் பிரிக்லின். பில்ஸ்ட்ராவும் ஹார்வர்டு வணிகப் பள்ளியில் பயின்றவர். பெர்சனல் சாப்ட்வேர் என்ற சிறு மென்பொருள் பதிப்பகத்தை நடத்திவந்தார். இந்த மாதிரி மெதுவாக ஊர்ந்தது, திரையையும் நகர்த்த முடியவில்லை. ஆயினும் இன்றைக்கும் நிலைத்திருக்கும் அடிப்படை அங்கேயே அமைந்துவிட்டது. நெடுக்கைகளுக்கு ஏ, பி, சி என எழுத்து. வரிசைகளுக்கு 1, 2, 3 என எண். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு முகவரி. ஒரு கட்டத்தில் எண்ணும் இருக்கலாம், வேறு கட்டங்களைச் சுட்டும் சூத்திரமும் இருக்கலாம்.

மாதிரியை உண்மையான பொருளாக்கியவர் பாப் பிராங்ஸ்டன். 1949இல் பிறந்த இவர் எம்.ஐ.டி. நாட்களிலிருந்தே பிரிக்லினின் நண்பர். மல்டிக்ஸ் என்ற பெருங்கணினியில் நேரத்தை வாடகைக்கு எடுத்து நிரலை எழுதினார். இரவில் வாடகை குறைவு என்பதால் ஆர்லிங்டனில் தம் வீட்டுப் பரணறையில் ஒரு முனையத்தை வைத்துக்கொண்டு இரவெல்லாம் உழைத்துப் பகலில் உறங்கினார். பிரிக்லின் பகலில் வகுப்புக்குச் சென்றார். மற்ற நேரத்தில் நண்பர் எழுதியதைச் சோதித்து வடிவமைப்பைத் திருத்தினார். பயன்படுத்துவோருக்கான குறிப்பட்டையையும் அவரே எழுதினார். ஒரு வசதியை அந்த அட்டையில் எளிதாக விளக்க முடியவில்லை என்றால், அட்டையைத் திருத்தாமல் நிரலை மாற்றினார்கள். உரையாசிரியருக்காக மூலநூலைத் திருத்திக்கொள்ளும் நூலாசிரியரை நம் மரபில் நான் கண்டதில்லை. இருவரும் 1979 ஜனவரி 2 அன்று சாப்ட்வேர் ஆர்ட்ஸ் என்ற நிறுவனத்தைப் பதிவு செய்தனர்.

அன்றைய ஆப்பிள் 2 கணினியின் எளிமை இன்று வியப்பளிக்கும். திரையில் வரிக்கு நாற்பது எழுத்துகளே தெரியும். அம்புக்குறி விசைகள் இரண்டே: இடம், வலம். மேலும் கீழும் செல்ல இடைவெளி விசையை அழுத்தி, அதே அம்புகளின் திசையை மாற்றிக்கொள்ள வேண்டும். நினைவகம் 32 கிலோபைட். இன்று நாம் கைப்பேசியில் அனுப்பும் ஒரு நிழற்படம் அதைவிடப் பன்மடங்கு இடம் பிடிக்கும். அந்த இடுக்கில் 63 நெடுக்கைகளும் 254 வரிசைகளும் கொண்ட தாளை அவர்கள் விரித்தனர். கண்ணுக்குத் தெரியும் கணிப்பான் என்ற பொருளில் அதற்கு விசிகால்க் என்று பெயரிட்டனர்.

*

1979 மே மாதம் மேற்குக் கரைக் கணினிக் கண்காட்சியிலும், ஜூன் மாதம் நியூயார்க்கில் நடந்த தேசியக் கணினி மாநாட்டிலும் விசிகால்க் காட்டப்பட்டது. நியூயார்க் உரையைக் கேட்க வந்தவர்களில் பெரும்பாலோர் குடும்பத்தாரும் நண்பர்களுமே. கணினி அறிந்தோருக்கு அதில் பெரிய வியப்பு தோன்றவில்லை. இதை நிரலாகவே எழுதிவிடலாமே என்பது அவர்கள் எண்ணம். கணக்கு அறிந்தோரின் எதிர்வினை வேறாக இருந்தது. ஆரம்பக் காலத்தில் கணக்கர் ஒருவருக்கு இதை இயக்கிக் காட்டியபோது அவர் கைகள் நடுங்கத் தொடங்கியதாகவும், வாரம் முழுவதும் தாம் செய்யும் வேலை இதுதானே என்று சொன்னதாகவும் பிரிக்லின் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். அந்த நடுக்கம் மகிழ்ச்சியாலா அச்சத்தாலா என்று பிரித்துச் சொல்வது கடினம். இரண்டும் கலந்தே இருந்திருக்கலாம்.

மார்கன் ஸ்டான்லியில் ஆய்வாளராக இருந்த பென் ரோசன் 1979 ஜூலையிலேயே விசிகால்க்கைப் பற்றி எழுதினார். கணினியோடு கூட வரும் இணைப்புப் பொருளாக மென்பொருள் கருதப்பட்ட காலத்தில், இந்த மென்பொருளே கணினியை விற்கப்போகிறது என்ற பொருள்பட அவர் எழுதியது தீர்க்கதரிசனமாக அமைந்தது. அக்டோபரில் விற்பனை தொடங்கியது. விலை ஏறத்தாழ நூறு டாலர். இந்த நூறு டாலர் பொருளை இயக்குவதற்காகவே இரண்டாயிரம் டாலருக்கு மேல் கொடுத்து ஆப்பிள் கணினியை வாங்கினர் சிறுவணிகரும் நிதி மேலாளர்களும். பொழுதுபோக்குக் கருவி என்று ஒதுக்கப்பட்டிருந்த பெட்டி அலுவலக மேசைக்கு வந்துசேர்ந்தது. ஆறாண்டுகளில் ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்ட படிகள் விற்றன.

அலுவலகத்தில் நிகழ்ந்த மாற்றத்தைச் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும். அதுவரை பெருநிறுவனங்களில் கணினி என்பது தனிக் கூடத்தில், தனித் துறையின் காவலில் இருந்தது. ஒரு மேலாளருக்கு ஒரு கணிப்பு வேண்டுமென்றால் விண்ணப்பம் எழுதி அனுப்பிவிட்டு நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும். இப்போது அவரே தம் மேசையில் அமர்ந்து பத்தைப் பன்னிரண்டாக்கிப் பார்த்தார், பதினைந்தாக்கிப் பார்த்தார். ‘இப்படி இருந்தால்’ என்ற கேள்விக்கான செலவு ஏறத்தாழ இல்லாமலே போயிற்று. நிரல் எழுதத் தெரியாத மனிதர் கணினியைத் தம் விருப்பப்படி இயக்கத் தொடங்கிய முதற்கட்டங்களுள் இதுவும் ஒன்று. சூத்திரம் எழுதிய ஒவ்வொருவரும் தம்மை அறியாமலே நிரலாளர் ஆனார்.

வேலை பறிபோயிற்றா என்ற கேள்வி எழுவது இயல்பு. ஒரு பகுதியினருக்குப் பறிபோனது என்பதே நேர்மையான விடை. அமெரிக்கப் பொது வானொலியின் பிளானட் மணி நிகழ்ச்சி 2015இல் தந்த கணக்கின்படி, 1980க்குப் பிறகு அந்நாட்டில் கணக்கெழுத்தர் பணிகள் சுமார் நான்கு இலட்சம் குறைந்தன. கணக்காயர் பணிகள் சுமார் ஆறு இலட்சம் கூடின. கணக்குப் போடுவது மலிந்தபோது கணக்குக் கேட்போர் பெருகினர். கூட்டிக் கழிப்பவரின் இடத்தில் ஆலோசனை கூறுபவர் வந்து அமர்ந்தார். மொத்தத்தில் இலாபம் என்று பொருளியலாளர் கூறலாம். ஆனால் எழுத்தர் நாற்காலியை இழந்தவரே ஆலோசகர் நாற்காலியில் அமர்ந்தார் என்பதற்கு அந்தக் கூட்டல் கழித்தலில் எந்த உறுதியும் இல்லை.

*

விசிகால்க்கைப் பிரிக்லினும் பிராங்ஸ்டனும் காப்புரிமையால் பாதுகாத்திருக்கலாமே என்று இன்றைய வாசகர் கேட்பார். 1979இல் மென்பொருளுக்குக் காப்புரிமை கிடைப்பது அரிது. வழக்கறிஞரைக் கலந்தபோது நம்பிக்கையூட்டும் பதில் வரவில்லை. அந்த முயற்சி கைவிடப்பட்டது. 1981இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் டயமண்ட் எதிர் டீர் வழக்கில் வழங்கிய தீர்ப்புக்குப் பிறகே கதவு சற்றுத் திறந்தது. அதற்குள் விசிகால்க் ஊரறிந்த பொருளாகிவிட்டது. முன்னோடியான லான்பார் நிரலுக்கோ, 1970இல் விண்ணப்பித்த காப்புரிமை நெடிய வழக்குக்குப் பின் 1983இல்தான் கிடைத்தது.

மிட்ச் கேபார் என்பவர் இந்த இடத்தில் கதைக்குள் வருகிறார். வானொலியில் இசைத்தட்டு சுழற்றுபவராக இருந்தவர். மகரிஷி மகேஷ் யோகியின் ஆழ்நிலைத் தியானத்தைக் கற்பித்தவர். விசிகால்க்கோடு இணைந்து வரைபடம் தீட்டும் மென்பொருளை எழுதி, விசிகார்ப் என்று பெயர் மாற்றிக்கொண்ட பில்ஸ்ட்ராவின் நிறுவனத்துக்கே விற்றார். அந்தப் பணம் அவருடைய சொந்த முயற்சிக்கு உதவியது. 1982இல் அவர் தொடங்கிய நிறுவனத்துக்குப் பத்மாசனத்தின் நினைவாக லோட்டஸ் என்று பெயர் வைத்தார். முதலீடு செய்தவர்களுள் ஒருவர், விசிகால்க்கை உலகுக்கு முதலில் உரக்கச் சொன்ன அதே பென் ரோசன்.

ஐ.பி.எம். நிறுவனத்தின் தனிக்கணினி 1981 ஆகஸ்டில் அறிமுகமாகியிருந்தது. பழைய எட்டு பிட் கணினிக்காக எழுதிய விசிகால்க்கே பெரிய மாற்றமின்றி அதற்கும் வந்தது. ஜோனதன் சாக்ஸ் எழுதிய லோட்டஸ் 1-2-3 என்ற மென்பொருளோ அந்தப் புதிய பொறியின் ஆற்றலை முழுதாகப் பயன்படுத்தியது. விரிதாள், வரைபடம், தரவுத் தொகுப்பு மூன்றையும் ஒருங்கே தந்தது. 1983 ஜனவரியில் வெளிவந்த அது, முதலாண்டிலேயே நிறுவனத்துக்கு ஐந்து கோடியே முப்பது இலட்சம் டாலர் ஈட்டித்தந்தது.

வீடு பற்றியெரியும்போது வீட்டார் பாகப்பிரிவினைக்கு நின்ற கதையாக, 1983 செப்டம்பரில் சாப்ட்வேர் ஆர்ட்ஸ் மீது விசிகார்ப் வழக்குத் தொடுத்தது. மேம்பட்ட பதிப்புகளை உரிய காலத்தில் தரவில்லை என்பது குற்றச்சாட்டு. எதிர்வழக்கும் வந்தது. ஆக்கியோனும் பதிப்பித்தோனும் நீதிமன்றத்தில் மோதிக்கொண்டிருக்க, வாங்குவோர் லோட்டஸ் பக்கம் சென்றனர். 1984இல் உடன்பாடு ஏற்பட்டபோது காலம் கடந்துவிட்டிருந்தது. ஒரு விமானப் பயணத்தில் கேபாரைத் தற்செயலாகச் சந்தித்து உரையாடியதன் தொடர்ச்சியாக, 1985இல் சாப்ட்வேர் ஆர்ட்ஸ் லோட்டஸின் கைக்கு மாறியது. விசிகால்க் விற்பனை நிறுத்தப்பட்டது.

அடுத்து நடந்தது வரலாற்றின் ஒரு கசப்பான பகடி. விசிகால்க்கின் அடிப்படைகளை எவ்விதத் தடையுமின்றி எடுத்துக்கொண்டு வளர்ந்த லோட்டஸ், தன் மென்பொருளின் கட்டளைப் பட்டியலைப் பிறர் பின்பற்றியபோது நீதிமன்றம் சென்றது. முதலில் வெற்றியும் பெற்றது. போர்லாண்ட் நிறுவனத்துக்கு எதிரான வழக்கில் மட்டும் 1995இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மறுத்துவிட்டது. 1996இல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் சரிபாதியாகப் பிரிந்ததால் அந்தத் தீர்ப்பே நிலைத்தது. அதற்குள் வெற்றிக்கும் பொருளில்லாமல் போயிருந்தது. 1985இல் மெக்கின்டாஷ் கணினிக்கும் 1987இல் விண்டோஸுக்கும் வந்த மைக்ரோசாப்டின் எக்ஸெல் களத்தைக் கைப்பற்றிவிட்டது. 1995இல் லோட்டஸை ஐ.பி.எம். மூன்றரை பில்லியன் டாலருக்கு வாங்கியது. லோட்டஸ் 1-2-3க்கான ஆதரவு 2014இல் முடிவுற்றது.

தாம் இதனால் பெருஞ்செல்வர் ஆகவில்லை என்பதைப் பிரிக்லின் மறைத்ததில்லை. உலகில் ஒரு மாற்றத்தைக் கொண்டுவந்தோம் என்ற நிறைவு பணத்தால் கிடைக்காதது என்ற கருத்தையே அவர் திரும்பத் திரும்பக் கூறிவந்திருக்கிறார். அதை வெறும் ஆறுதல் மொழி என்று தள்ளிவிடலாம். ஆனால் எண்ணிப் பார்த்தால், அந்தக் கட்டங்கள் ஒருவருக்கு மட்டும் உரிமையாக இருந்திருந்தால் இத்தனை விரைவில் இத்தனை கைகளுக்குப் போய்ச் சேர்ந்திருக்குமா என்ற ஐயம் எழுகிறது. நாட்டுப்புறப் பாடலைப் போல, பாடியவர் பெயர் மறைந்ததால்தான் அது எல்லோருடையதும் ஆயிற்று. பாடியவருக்கு நாம் பட்ட கடன் அதனால் தீர்ந்துவிடுவதில்லை.

*

புகழை மட்டும் சொல்லி முடித்தால் கட்டுரை பாதியில் நின்றுவிடும். 1984 நவம்பரில் ஹார்ப்பர்ஸ் இதழில் ஸ்டீவன் லெவி விரிதாளைப் பற்றி நீண்ட கட்டுரை ஒன்று எழுதினார். எண்களால் அமைந்த மாதிரியையே மக்கள் உலகமென்று நம்பத் தொடங்கும் அபாயத்தை அவர் அப்போதே கண்டார். பின்னர் நிகழ்ந்தவை அந்த அச்சத்துக்குச் சான்றாயின.

பொருளியலாளர்கள் கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாப் ஆகியோர் 2010இல் வெளியிட்ட ஆய்வு, அரசின் கடன் நாட்டு உற்பத்தியில் 90 விழுக்காட்டைத் தாண்டினால் வளர்ச்சி சராசரியாக -0.1 விழுக்காடாகச் சரிகிறது என்றது. செலவைச் சுருக்க விரும்பிய அரசியலாளர் பலர் அதை மேற்கோள் காட்டினர். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மாணவர் தாமஸ் ஹெர்ண்டன், ஆசிரியர்களிடமிருந்தே கோப்பைப் பெற்றுச் சரிபார்த்தார். சராசரிக்கான சூத்திரம் கடைசி ஐந்து வரிசைகளைத் தொடாமல் நின்றிருந்தது. ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க் ஆகிய ஐந்து நாடுகள் விடுபட்டிருந்தன. அவரும் அவருடைய பேராசிரியர்கள் இருவரும் 2013இல் வெளியிட்ட மறுகணக்கில் வளர்ச்சி 2.2 விழுக்காடு என வந்தது. வேறுபாட்டில் பெரும்பகுதி தரவைத் தேர்ந்தெடுத்த முறையிலும் சராசரி கண்ட முறையிலும் இருந்தது. சூத்திரப் பிழையின் பங்கு சிறிது. கோப்புப் பிழையை ஒப்புக்கொண்ட ஆய்வாளர்கள் தம் முடிவின் சாரத்தைக் கைவிடவில்லை. ஆயினும் மூன்றாண்டுக் காலம் அந்தப் பிழை ஒருவர் கண்ணிலும் படவில்லை என்பதே நாம் இங்கே குறித்துக்கொள்ள வேண்டியது.

2020இல், கொரோனாத் தொற்றுக் காலத்தில், இங்கிலாந்தில் செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை 15,841 பேரின் தொற்று விவரம் அன்றாடக் கணக்கில் சேராமல் போயிற்று. பழைய வகை எக்ஸெல் கோப்பில் 65,536 வரிசைகளுக்கு மேல் இடமில்லை; மீந்தவை ஓசையின்றி உதிர்ந்தன. அவர்களோடு பழகியவர்களைத் தேடி எச்சரிக்கும் பணி தாமதமாயிற்று. பேரேட்டில் தாள் தீர்ந்தால் கணக்குப்பிள்ளைக்குத் தெரியும். இங்கே தாள் தீர்ந்தது யாருக்கும் தெரியவில்லை. இன்னொரு செய்தி சிரிப்பையும் திகைப்பையும் ஒருசேரத் தருவது. சில மரபணுக்களின் சுருக்கப் பெயர்கள் மார்ச், செப்ட் என்று தொடங்கியதால் எக்ஸெல் அவற்றைத் தேதிகளாக மாற்றிவிடும். ஆய்வுக் கட்டுரைகளின் பட்டியல்களில் பிழை மலிந்தது. மரபணுக்களுக்குப் பெயரிடும் குழு, 2020 வாக்கில், அந்த மரபணுக்களின் பெயர்களையே மாற்றிவிட்டது. மனிதன் கருவியைத் திருத்துவான் என்று எண்ணியிருந்தோம். இங்கே கருவிக்கேற்ப மனிதன் தன் உடலின் நுண்கூறுகளுக்கே வேறு பெயர் சூட்டிக்கொண்டான்.

தமிழ் கற்பிப்பவன் என்ற முறையில் எனக்குத் தோன்றும் ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். கட்டத்துக்குள் எழுதும் கணக்கு விதியைச் சூத்திரம் என்றே வழங்குகிறோம். சூத்திரம் என்பது நம் இலக்கண மரபின் சொல்லும்கூட. சில சொற்களில் பெரும்பொருளை அடக்கியது சூத்திரம். அதனாலேயே நம் முன்னோர் அதைத் தனியே விட்டுவைக்கவில்லை. தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் உரை எழுதினார். சேனாவரையர் மறுத்து எழுதினார். நச்சினார்க்கினியர் வேறு பொருள் கண்டார். சூத்திரத்தைச் சுற்றிக் கேள்வியும் தடையும் விடையும் தலைமுறை தலைமுறையாக வளர்ந்தன. ஏடுகளில் பாடம் வேறுபட்டால், பதிப்பாசிரியர் அதை அடிக்குறிப்பில் காட்டினார்.

விரிதாளின் சூத்திரத்துக்கு உரை இல்லை. எண் மேலே தெரிகிறது. விதி கட்டத்துக்குள் மறைந்திருக்கிறது. எழுதியவர் பணிமாறிச் சென்ற பிறகும் அவருடைய சூத்திரம் ஊதியத்தையும் வரியையும் தேர்ச்சியையும் தீர்மானித்துக்கொண்டிருக்கிறது. பழைய பேரேட்டில் அடித்தலும் திருத்தலும் மையின் தடமாகவே நிற்கும். இங்கே பெரும்பாலும் தடமில்லை. ஒவ்வொரு பருவத்திலும் மாணவர்களின் அகமதிப்பெண்களை நானும் இத்தகைய கட்டங்களில்தான் நிரப்புகிறேன். கடைசி நெடுக்கையில் கூட்டுத்தொகை தானாக வந்து நிற்கும். அதன் தூய்மையான தோற்றம் சரிபார்க்கும் எண்ணத்தையே மழுங்கடித்துவிடுகிறது. சில ஆண்டுகளுக்கு முன், மறுமதிப்பீடு கோரி வந்த மாணவி ஒருத்தி, தன் மூன்று தேர்வு மதிப்பெண்களையும் காகிதத் துண்டில் கையால் கூட்டி எடுத்துவந்திருந்தாள். அவள் கூட்டலே சரி. என் கோப்பில் அவளுடைய வரிசைக்கு மட்டும் சூத்திரம் ஒரு கட்டம் தள்ளி நின்றிருந்தது. அவள் வந்திராவிட்டால் எனக்குத் தெரிந்தே இருக்காது. அன்றிலிருந்து ஒவ்வொரு பட்டியலிலும் நான்கைந்து வரிசைகளையாவது பென்சிலால் கூட்டிப் பார்த்த பிறகே கையொப்பமிடுகிறேன்.

பிரிக்லினின் கனவு, பிழை நேர்ந்தால் அழித்து எழுதும் துன்பத்திலிருந்து விடுபடுவதற்கான கனவு. அது நிறைவேறிவிட்டது. அந்தக் கரும்பலகையின் முன் அமர்ந்திருந்த மாணவர்களுக்கு வேறொன்றும் வாய்த்திருந்தது: பேராசிரியர் எந்த இடத்தில் பிழை செய்தார், எதைத் துடைத்தார், எதை மாற்றி எழுதினார் என்பதை வகுப்பு முழுவதும் கண்ணால் கண்டது. வேலை செய்யும் முறையை மாற்ற வரும் அடுத்த கருவிகள், கணக்கை மட்டுமின்றி எழுத்தையும் தாமே செய்து நீட்டும் கருவிகள், இப்போது நம் மேசைக்கு வந்துகொண்டிருக்கின்றன. அவற்றிடம் எத்தனை விரைவாக விடை தருகிறாய் என்று கேட்பதற்கு ஆட்கள் ஏராளம். எப்படி வந்தது இந்த விடை என்று கேட்பதற்கும் சிலர் வேண்டும். கையில் காகிதத் துண்டோடு வந்து நின்ற அந்த மாணவியைப் போல.